கமிஷன் இல்லாத ஏலக்கூடம்

சென்ற தை மாதத்தில் ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பொதுச்சபைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் அமர்ந்திருந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். மஞ்சள் பயிரிடுபவர். "ஐயா, சங்கத்து ஏலத்தில் மூட்டையை இறக்கினால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் கமிஷன் பிடிக்கிறீர்கள். என் மருமகள் வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் சேலை விற்கிறாள். அந்தக் கடைக்காரன் விற்பவரிடம் கமிஷனே வாங்குவதில்லையாம். அவனால் முடிவது நம் சங்கத்தால் ஏன் முடியாது?" என்று கேட்டார். பலர் தலையசைத்தார்கள். காரியதரிசி கட்டட வாடகை, எடைக்கூலி என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். நாமும் துணைவிதியை எடுத்துச் சொன்னோமேயன்றிக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்பாடத்தில் சொல்ல முற்படுகிறோம்.

இக்கேள்வி அந்த அங்கத்தினருக்கு மட்டும் தோன்றியதன்று. இணையத்தின் வழியாக ஏலம் போடும் ஸ்தாபனங்கள் தோன்றிய நாள் முதல், விற்பவரிடம் வாங்கும் கட்டணத்தைப் பற்றியே அவற்றுக்குள் பெரும் போட்டி நடந்துவந்திருக்கிறது. அப்போட்டியில் யார் வென்றார்கள், வென்ற பிறகு என்ன செய்தார்கள் என்பதை அறிந்துகொண்டால் நம் சங்கத்துக் கமிஷனைப் பற்றியும் தெளிவாகப் பேசலாம்.

இவற்றுள் மூத்தவற்றில் ஒன்று ஈபே. 1995 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் பியேர் ஓமிட்யார் என்ற மென்பொருள் வல்லுநர் ஓய்வு நேர வேலையாக இதைத் தொடங்கினார். அங்கே முதன்முதலாக விலைபோன பொருள் பழுதாகிப்போன ஒரு லேசர் ஒளிக்காட்டி; கிடைத்த விலை 14 டாலர் 83 சென்ட். ஆரம்பத்தில் கட்டணம் ஏதும் இல்லை. கூட்டம் பெருகவே, இணைய இணைப்புக் கொடுத்த கம்பெனி மாதம் 250 டாலர் கேட்டது. அந்தச் செலவை ஈடுகட்டுவதற்காக 1996-இல் விற்பவரிடம் சிறு தொகை வாங்கலானார். தபால் உறைகளில் காசோலைகளும் சில்லறைக் காசுகளும் வந்து குவிந்தனவாம். இதுவரை இது நம் சங்கக் கமிஷனுக்கும் எடைக்கூலிக்கும் ஒப்பானதே: செலவு இவ்வளவு, ஆகவே பிடித்தம் இவ்வளவு. 1998 செப்டம்பரில் அக்கம்பெனியின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. அதன்பின் கட்டணம் என்பது செலவுக்கு ஈடு மட்டுமாக இருக்கவில்லை. பங்குதாரருக்குக் காட்ட வேண்டிய லாபத்தின் ஊற்றாகவும் ஆயிற்று. பொருளைப் பட்டியலில் போடுவதற்கு ஒரு கட்டணம், விற்றுவிட்டால் விலையில் ஒரு சதவீதம் என்று இருவகையாக அது வசூலிக்கப்பட்டது.

லாபம் தெரிந்த இடத்தில் போட்டிக்கு ஆள் வராமலிருப்பதில்லை. 1998-இல் யாஹூ கம்பெனி அமெரிக்காவில் தன் ஏலக்கூடத்தைத் திறந்தது. பட்டியல் கட்டணமும் இல்லை, விற்பனைச் சதவீதமும் இல்லை. 1999 மார்ச்சில் அமேசானும் ஏலத்தில் இறங்கிற்று. விற்பவர்கள் எல்லோரும் ஈபேயை விட்டு ஓடியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடவில்லை. காரணம் என்ன?

மஞ்சள் ஏலத்தை நன்கு அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பேச்சுக்காக இரண்டு ஏலக்கூடங்களை வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஒன்றரை சதவீதம் கமிஷன். இருபது வியாபாரிகள் வருகிறார்கள். மற்றதில் கமிஷன் கிடையாது. இரண்டு பேர்தான் வருகிறார்கள். முதல் கூடத்தில் போட்டி காரணமாகக் குவிண்டால் 12,000 ரூபாய்க்குப் போகிறது. கமிஷன் 180 ரூபாய் போக 11,820 ரூபாய் கைக்கு வரும். இரண்டாவது கூடத்தில் இரண்டு பேரும் கண்ஜாடை காட்டிக்கொண்டு 11,000 ரூபாயில் நிறுத்திவிடுகிறார்கள். கமிஷன் இல்லாத கூடத்தில் 820 ரூபாய் நஷ்டம். ஆக, கட்டணத்தை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுவது தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வதாகும். வாங்குவோர் எங்கே கூடுகிறார்களோ அங்கே சரக்கு போகும். சரக்கு எங்கே குவிகிறதோ அங்கே வாங்குவோர் வருவார்கள். முதலில் வந்தவனுக்கு இச்சக்கரம் தானாகச் சுற்றும். பின்னால் வந்தவன் இலவசமாகக் கொடுத்தும் அதை நிறுத்த முடிவதில்லை.

இன்னொரு கட்டும் உண்டு. ஈபேயில் ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் வாங்கியவர் விற்றவரைப் பற்றி நன்மதிப்போ குறையோ எழுதிவைப்பார். பல ஆண்டுகள் ஒழுங்காக விற்றுச் சேர்த்த அந்த நற்பெயர் விற்பவரின் மூலதனம். ஆனால் அது ஈபேயின் ஏட்டில் இருக்கிறது. வேறு கூடத்திற்குப் போனால் முதல் நாள் வந்தவர்போல் மீண்டும் தொடங்க வேண்டும்.

அமெரிக்க யாஹூ 2001 ஜனவரியில் பட்டியல் கட்டணம் விதித்துப் பார்த்தது. சரக்கின் பெரும்பகுதி சில வாரங்களிலேயே மறைந்துபோயிற்று. 2005-இல் மறுபடியும் இலவசமாக்கிற்று. 2007-இல் அங்கே கதவைச் சாத்திற்று. அமேசான் சற்று யோசனையாக நடந்துகொண்டது. ஏலத்தில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் தன் கடைப் பக்கத்திலேயே பிறருடைய சரக்கையும் குறித்த விலைக்கு விற்க இடம் கொடுத்தது. தன்னிடம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த வாங்குவோர் முன்னால் அச்சரக்கைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான் அதன் சாமர்த்தியம்.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே யாஹூ ஜப்பான் 1999 செப்டம்பரில் ஏலக்கூடத்தைத் திறந்தது, கட்டணமில்லை. ஈபே 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. கட்டணம் கேட்டது, பதிவு செய்யக் கடன் அட்டை எண்ணும் கேட்டது. சில மாதங்கள்தான் பிந்திற்று; ஆயினும் அதற்குள் சக்கரம் மறுபக்கம் சுழலத் தொடங்கிவிட்டது. 2002 மார்ச்சில் ஈபே ஜப்பானை விட்டு வெளியேறிற்று. அதே யாஹூ என்ற பெயர், அதே இலவசம். ஒரு நாட்டில் தோல்வி, மற்றொன்றில் வெற்றி. இலவசம் என்பது கூட்டம் இன்னும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத போதுதான் வேலை செய்கிறது. கவனிக்க வேண்டிய மற்றொன்று: எதிரி வெளியேறிய அதே 2002-இல் யாஹூ ஜப்பான் பட்டியல் கட்டணமும் விற்பனைச் சதவீதமும் வாங்கத் தொடங்கிவிட்டது.

சீனாவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஷாங்காய் நகரில் 1999-இல் தோன்றிய ஈச்நெட் என்ற ஏலக்கூடத்தில் ஈபே 2002-இல் மூன்றில் ஒரு பங்கை வாங்கிற்று. 2003-இல் மீதியையும் வாங்கிவிட்டது. சீனாவில் அதுவே முதலிடத்தில் இருந்தது. அதே 2003 மே மாதத்தில் ஹாங்சோ நகரத்து அலிபாபா கம்பெனி தாவ்பாவ் என்ற போட்டிக் கூடத்தைத் திறந்தது. அதன் தலைவர் ஜாக் மா மூன்றாண்டுகளுக்கு விற்பவரிடம் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார். 2005-இல் அதை இன்னும் மூன்றாண்டுகளுக்கு நீட்டினார்.

ஆனால் இலவசம் மட்டுமே வென்றதாக எண்ணினால் பாடம் பாதியில் நின்றுவிடும். முகமறியாதவரிடம் பணம் அனுப்ப அந்நாட்டு மக்கள் அஞ்சினார்கள். தாவ்பாவ் ஒரு ஏற்பாடு செய்தது: வாங்குபவர் பணத்தை நடுவரிடம் கட்டுவார், சரக்கு கைக்கு வந்து சரியாக இருக்கிறதென்று அவர் சொன்ன பிறகே விற்றவருக்குப் பணம் போகும். அலிபே என்ற இந்த ஏற்பாடு நம் கிராமத்தில் பெரியவர் ஒருவர் கையில் முன்பணத்தை வைத்துப் பேரம் முடிப்பதைப் போன்றது. மேலும், வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசி விலை பேரம் செய்ய வசதி தரப்பட்டது. ஈபேயின் கூடத்திலோ விற்பனை முடியுமுன் இருவரும் நேரில் தொடர்புகொள்வதற்குத் தடை. ஏன் தெரியுமா? பேசவிட்டால் கூடத்துக்கு வெளியே விற்றுக்கொண்டு சதவீதத்தைத் தப்பித்துவிடுவார்கள் என்ற பயம். கட்டணம் வாங்குகிறவன் தன் கட்டணத்தைக் காப்பதற்காகவே விற்பவரையும் வாங்குபவரையும் பிரித்துவைக்க வேண்டியதாயிற்று! கட்டணம் இல்லாதவனுக்கு அந்தப் பயம் இல்லை. இதற்கிடையில், ஈபே 2004-இல் தன் சீனக் கணினி ஏற்பாட்டை அமெரிக்காவிலிருந்து நடத்தத் தொடங்கியதால் பக்கங்கள் திறக்கவே தாமதமாயிற்று. 2006 ஜனவரியில் ஈபேயும் கட்டணத்தை நீக்கிற்று. காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தன் சீனக் கூடத்தை உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அந்த மஞ்சள் விவசாயியின் கேள்வி நியாயமென்று ஒப்புக்கொண்டுவிடலாம். முடியவில்லை. 2006 மே மாதமே தாவ்பாவ் ஒரு திட்டம் கொண்டுவந்தது: பணம் கட்டுகிறவரின் சரக்கு பட்டியலில் முன்னால் நிற்கும். இலவசக் கூடத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட கடை மூடிய கடைதானே! விற்பவர்கள் கொதித்தெழுந்தார்கள். வாக்கெடுப்பு நடத்தி, சில வாரங்களில் கம்பெனி அதைக் கைவிட்டது. ஆனால் முன்வரிசைக்கு விலை என்ற யோசனை சாகவில்லை. வேறு பெயரில் திரும்பி வந்து, அதுவே பெரும் வருமானமாயிற்று. 2011 அக்டோபரில் அதே கம்பெனி தன் அங்காடிப் பிரிவில் ஆண்டுக் கட்டணத்தை 6,000 யுவானிலிருந்து 30,000, 60,000 என்று உயர்த்துவதாக அறிவித்தது. வைப்புத் தொகையும் பன்மடங்காயிற்று. ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் ஆத்திரத்தில் பெரிய கடைகளின் சரக்கை மொத்தமாக வாங்கித் திருப்பியனுப்பி அவற்றின் வியாபாரத்தைக் குலைத்தார்கள். அரசாங்க வர்த்தக அமைச்சு தலையிட்டது. கம்பெனி பழைய வியாபாரிகளுக்குத் தவணை கொடுத்தது. உயர்வை ரத்துச் செய்யவில்லை. அடிபட்ட பெரிய கடைக்காரர்களும் விற்பவர்களே என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

அமெரிக்காவிலும் இத்தகைய கிளர்ச்சிகள் நடந்தன. 2008 பிப்ரவரியில் ஈபே பட்டியல் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொல்லி விற்பனைச் சதவீதத்தை உயர்த்தியபோது விற்பவர்கள் ஒரு வாரம் சரக்குப் போடாமல் நின்றார்கள். கைவினைப் பொருள்களுக்கென்று 2005-இல் தோன்றிய எட்ஸி நம் நெசவாளர்களுக்கு நெருக்கமான உதாரணம். கையால் பின்னியதும் நெய்ததும் அங்கே நிறைய விற்கிறது. நெடுங்காலம் 3.5 சதவீதமாக இருந்த கட்டணம் 2018-இல் 5 சதவீதமாயிற்று. 2022 ஏப்ரலில் 6.5 சதவீதமாயிற்று. அப்போதும் ஒரு வார வேலை நிறுத்தம். கட்டணம் குறையவில்லை. ஒரு வாரம் கடையைச் சாத்தியவர்கள் எட்டாம் நாள் போவதற்கு வேறு சந்தை இல்லை. கம்பெனிக்கு அது நன்றாகத் தெரியும்.

இனி ஹாலந்து தேசத்து ஆல்ஸ்மேர் என்ற ஊருக்கு வருவோம். அங்கே பூப் பயிரிடுவோர் இடைத்தரகர்களிடம் அலுத்துப்போய், 1911, 1912 ஆண்டுகளில் தங்களுக்கென்று இரண்டு கூட்டுறவு ஏலக்கூடங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். அவை 1968-இல் ஒன்றாயின. 2008-இல் ஹாலந்தின் மற்றொரு பெரிய பூ ஏலச் சங்கத்துடன் இணைந்தன. ராயல் ஃப்ளோராஹாலந்து என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய பூ ஏலக்கூடமாக இன்றும் நடக்கிறது. இன்று வியாபாரிகள் பெரும்பாலும் தங்கள் இடத்திலிருந்தபடியே இணையத்தின் மூலம் விலை கேட்கிறார்கள். ஏலம் கேட்கும் முறை நம் முறைக்குத் தலைகீழானது: கடிகாரத்தில் விலை மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. அங்கேயும் விற்பவரிடம் கட்டணம் பிடிக்கிறார்கள். ஆனால் கூடம் பயிரிடுவோருக்குச் சொந்தம்; கட்டணத்தை ஆட்சேபிப்பவர் தம் சங்கத்துக் கூட்டத்திலேயே எழுந்து பேசலாம்.

அவர்கள் எப்படி வாங்குவோரை வரவழைத்தார்கள்? ஈபேயிடம் யாஹூ தோற்ற அதே இடத்தில் அவர்கள் ஏன் தோற்கவில்லை? அங்கத்தினர் தம் பூ முழுவதையும் ஏலக்கூடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்ற விதியை நெடுங்காலம் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தம் கூடையைத் தூக்கிக்கொண்டு புதிய இடத்திற்குப் போனால் வியாபாரி பின்தொடர மாட்டார். ஊர்ச் சரக்கு முழுவதும் ஒன்றாக நகர்ந்தால் வியாபாரி வந்தே தீர வேண்டும். எட்ஸியில் விற்பவர்களுக்கும் சீனத்துச் சிறு வியாபாரிகளுக்கும் இல்லாமற்போனது இதுதான். அவர்கள் ஒன்றாகக் கோபித்துக்கொண்டார்கள். ஒன்றாகச் சரக்கை நகர்த்த அவர்களிடம் ஏற்பாடு இல்லை.

இணையத்திலும் கூட்டுறவு முயற்சி இல்லாமலில்லை. ஜெர்மனியில் 2012-இல் ஃபேர்மோண்டோ என்ற கூட்டுறவு அங்காடி தோன்றிற்று. பங்கு பத்து யூரோ, அங்கத்தினருக்கு ஒரு வோட்டு. அமெரிக்காவில் எட்ஸி வேலை நிறுத்தத்தின் விளைவாகக் கைவினைஞர் கூட்டுறவு அங்காடி ஒன்று 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. இவை பெரிய அங்காடிகளுக்கு முன் மிகச் சிறியவை என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. சொந்தமாயிருப்பதனால் மட்டும் வாங்குவோர் வந்துவிடுவதில்லை. சரக்கு வேண்டும்.

இப்பொழுது அந்த மருமகளின் கைப்பேசிக் கடைக்கு வரலாம். நம் நாட்டில் மீஷோ கம்பெனி 2021-இல் விற்பவரிடம் கமிஷன் வாங்குவதை நிறுத்திற்று. அமேசானும் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைந்த பல பொருள்களுக்கு விற்பனைக் கமிஷனை நீக்கிற்று. ஆகவே அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் கமிஷன் போன இடத்தில் விளம்பரச் செலவும் சரக்கு அனுப்பும் கட்டணமும் நிற்கின்றன. திரும்பி வரும் சரக்கின் செலவையும் எண்ண வேண்டும். ஐரோப்பாவில் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். லித்துவேனியா நாட்டு விண்டெட் என்ற பழைய துணி அங்காடி விற்பவரிடம் ஒன்றும் வாங்காமல், வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்குகிறது. அதன் போட்டிக்கு ஆற்றாமல் ஈபேயே ஜெர்மனியில் 2023-லும் இங்கிலாந்தில் 2024-லும் வீட்டுப் பொருள் விற்கும் தனிநபர்களுக்குக் கட்டணத்தை நீக்கிவிட்டு, 2025 பிப்ரவரியில் இங்கிலாந்தில் வாங்குபவர் தலையில் ஒரு கட்டணத்தை ஏற்றிற்று. வாங்குபவர் கொடுக்கும் மொத்தத் தொகையை மனத்தில் வைத்துத்தானே விலை கேட்பார்? அதில் ஒரு பகுதி விற்பவரின் விலையிலிருந்துதான் குறையும்.

அந்த மருமகள் கைப்பேசியில் விற்பதை நாம் தவறென்று சொல்ல வரவில்லை. விற்கட்டும், லாபம் இருக்கும்வரை நன்றாக விற்கட்டும். நம் கவலை வேறு. தணிக்கைக்குப் போகுமிடங்களில் இருப்புப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. முதல்தர மஞ்சள் வெளியே போகிறது. கழிவு விரலி மஞ்சள் சங்கத்து ஏலத்துக்கு வருகிறது. நெசவாளர் சங்கத்திலும் அப்படியே: சங்கத்து நூலுக்குரிய சேலை சாதாரணக் கரையில் வருகிறது, நல்ல கை வேலை எல்லாம் தனி வியாபாரியின் பாவில் விழுகிறது. சில பருவங்கள் இப்படிப் போனால் நல்ல வியாபாரி சங்கத்து ஏலத்துக்கு வருவதை நிறுத்துவார். பிறகு விலை இறங்கும். பிறகு கமிஷன் ஒன்றரை என்ன, அரை சதவீதமும் கனமாகத்தான் தோன்றும். அப்போது வெளியே இலவசமாக இருப்பவன் என்ன செய்வான் என்பதற்கு ஜப்பானையும் சீனாவையும் பார்த்தோம்.

சங்கத்தின் பேரிலும் குற்றம் உண்டு. கமிஷன் எதற்குச் செலவாகிறது என்று கேட்ட அங்கத்தினருக்கு அன்றைய தினம் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கெழுதிக் காட்ட முடியவில்லை. எடைக்கூலி எவ்வளவு, கிடங்கு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, மீதி எந்த நிதிக்குப் போயிற்று என்பதை ஏலக்கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. பணம் பட்டுவாடா பதினைந்து நாள் தாமதமானால் அதற்குரிய வட்டி கமிஷனைத் தின்றுவிடும். ஏலம் முடிந்த மறுநாளே கணக்கில் வரவு வைத்தால் பாதிக் குறை அடங்கிவிடும். இவற்றைக் காரியதரிசியிடம் எழுத்து மூலமாகச் சொல்லியிருக்கிறோம்.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்கு மூன்று வினாக்கள் தருகிறோம். ஒரு அங்காடி கமிஷனின்றி விற்றாலும் நூற்றுக்குப் பதினைந்து சேலைகள் திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்துச் செலவு 80 ரூபாய் ஆனால், 600 ரூபாய்ச் சேலை ஒன்றின் மேல் விழும் உண்மையான கட்டணம் எத்தனை சதவீதம்? ஆல்ஸ்மேர் பூக்காரர்களைப்போல் சரக்கு முழுவதையும் சங்கத்துக்கே கொண்டுவருவதென்று நம் அங்கத்தினர் தாமாகவே தீர்மானம் போடுவதானால், எந்தத் தரத்துக்கு, எத்தனை பருவத்துக்குப் போடலாம்? அத்தீர்மானத்திற்குப் பதிலாகச் சங்க நிர்வாகத்திடம் என்ன உறுதி கேட்டு வாங்க வேண்டும்?